"அக்கா, நீங்கள் மேயருக்கு நிற்கிறீர்களாமே?" கடையில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

காரைக்குடியில் செக்காலைப் பக்கம் 22 வருடமாகப் பலகாரக் கடை நடத்துகிறேன். தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை, அதிரசம், மாவுருண்டை எல்லாம் கல்யாண வீடுகளுக்கும் வெளியூர்ப் பார்சலுக்கும் எங்கள் அடுப்படியிலிருந்து போகிறது. அடுத்த மாநகராட்சித் தேர்தலில் நிற்பது என்று முடிவு செய்து வீட்டிலும் கடையிலும் சொன்ன நாளிலிருந்து, முறுக்கு வாங்க வருகிறவர்கள் காசைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்று ஒரு கேள்வியும் கேட்கிறார்கள். ஒரே கேள்விக்குப் பத்துப் பேரிடம் பத்து விதமாகப் பதில் சொல்லிவிடக் கூடாது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

உங்களை மேயராக்க எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும்?

அப்படி ஒரு பொத்தான் இயந்திரத்தில் இருக்காது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் மேயருக்குத் தனியாக ஓட்டு இருக்கிறது என்றே நினைக்கிறார்கள்.

அப்படி நினைப்பதில் தப்பும் இல்லை. தமிழ்நாட்டில் 1996, 2001 தேர்தல்களில் மக்களே மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இல் அதை மாற்றி, கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தல் ஆக்கினார்கள். 2011இல் மறுபடி நேரடித் தேர்தல் வந்தது. அதற்கப்புறம் சட்டம் இங்கும் அங்குமாகத் திரும்பி, 2019 நவம்பரில் வந்த அவசரச் சட்டத்தோடு மறைமுகத் தேர்தலில் வந்து நின்றது. 2022 பிப்ரவரி 19 அன்று நாம் வார்டு கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டோம். மார்ச் 4 அன்று அந்தக் கவுன்சிலர்கள் ஓட்டுப் போட்டு மேயர்களையும் நகராட்சித் தலைவர்களையும் தேர்ந்தெடுத்தார்கள்.

சட்டம் இப்படியே இருந்தால் நான் ஒரு வார்டில் கவுன்சிலருக்கு நிற்பேன். அதில் ஜெயித்தால்தான் கவுன்சிலர்கள் கூடும் மன்றத்தில் மேயர் பதவிக்கு நிற்க முடியும். சரி, அப்படியென்றால் இப்போதே ஏன் மேயர் என்று பேச வேண்டும்? கவுன்சிலர்கள் போடுவது ரகசிய ஓட்டு. யார் யாருக்குப் போட்டார்கள் என்று பிறகு தெரியாது. அதனால் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், என்னிடமும் சேர்த்து, "ஜெயித்தால் மேயராக யாருக்குக் கை கொடுப்பீர்கள்?" என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். என் ஆசையை நான் மறைத்து வைத்துக்கொண்டு உங்கள் வார்டுக்குக் குழாய் மட்டும் போட வருகிறேன் என்று சொன்னால் அது ஏமாற்று.

காரைக்குடி எப்போது மாநகராட்சி ஆனது? எந்தெந்த ஊர் சேர்ந்தது?

1928இல் நகராட்சியான ஊர். 2024 ஆகஸ்டில் புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலையோடு சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும், சங்கராபுரம், கோவிலூர், அரியக்குடி, இலுப்பைக்குடி, தளக்காவூர் ஊராட்சிகளும் நம்மோடு வந்தன.

இந்தப் பெயர்களைச் சேர்த்துப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும். அரியக்குடி என்றால் குத்துவிளக்கு, அப்புறம் சங்கீதம். இலுப்பைக்குடி, நகரத்தார் என்னும் செட்டியார் சமூகத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்று. கோட்டையூர், கல்லூரிகள் கட்டிய வள்ளல் அழகப்பர் பிறந்த ஊர். ஒவ்வொன்றும் தன் பெயரில் தனியாக நின்ற ஊர். 'காரைக்குடியின் 40-ஆவது வார்டு' என்கிற மாதிரி ஓர் எண்ணுக்குள் இவை காணாமல் போய்விடக் கூடாது. வார்டுப் பலகையில் எண்ணோடு ஊர்ப் பெயரும் இருக்க வேண்டும் என்பது நான் மன்றத்தில் கேட்கப் போகிற சின்ன விஷயங்களில் ஒன்று. செலவு கொஞ்சம்தான், ஆனால் எனக்கு முக்கியம்.

யார் வேண்டுமானாலும் நிற்கலாமா? எவ்வளவு கட்ட வேண்டும்?

21 வயது ஆகியிருக்க வேண்டும். மாநகராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். முன்மொழிகிறவர் அந்த வார்டுக்காரராக இருக்க வேண்டும். 2022இல் மாநகராட்சி வார்டுக்கு டெபாசிட் 4,000 ரூபாய், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 2,000. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் ஒரு வேட்பாளர் 85,000 ரூபாய் வரை செலவு செய்யலாம் என்று வரம்பு வைத்தார்கள். முடிந்த பிறகு 30 நாளுக்குள் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். அடுத்த தேர்தலுக்கு இந்தத் தொகைகள் மாறலாம், அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வியாபாரிகள் கவனிக்க வேண்டியது இரண்டு. நோட்டீஸ் வந்தும் வரிப் பாக்கி கட்டாமல் இருந்தால் தகுதி போய்விடும். மன்றத்தோடு நடப்பில் ஒப்பந்தம் இருந்தாலும் நிற்க முடியாது.

மேயர் பதவி உங்களுக்கு ஒத்து வராத இட ஒதுக்கீட்டில் போய்விட்டால்?

நல்ல கேள்வி. இதை என் வீட்டுக்காரர்தான் முதலில் கேட்டார். 2016இல் வந்த சட்டத் திருத்தத்தால் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு. 2022இல் இருந்த 21 மாநகராட்சிகளில் 11 மேயர் பதவிகள் பெண்களுக்கு வந்தன. பொதுப் பிரிவு என்று வந்தாலும் பெண்களுக்கு என்று வந்தாலும் நான் நிற்பேன். ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டால் அது அவர்களுக்கு உரிய இடம். அப்போது கவுன்சிலராக மட்டும் இருப்பேன். கீழே கணக்கு பற்றி நான் சொல்லியிருப்பதை ஒத்துக்கொள்கிறவருக்கு என் ஓட்டு.

கடை நடத்துவதும் ஊர் நடத்துவதும் ஒன்றா? வியாபாரிக்கு இது எதற்கு?

ஒன்றில்லை. அதை ஒத்துக்கொண்டுதான் வருகிறேன்.

என் கடையில் விலை போகாத பலகாரத்தை நிறுத்திவிடலாம். ஒரு தீபாவளிக்கு ஒரு புதுப் பலகாரம் போட்டு, நான்கு நாள் பார்த்துவிட்டு, எடுத்துவிட்டேன். ஊரில் அப்படிச் செய்ய முடியுமா? வரி குறைவாக வருகிற தெரு என்பதற்காக அங்கே தண்ணீரை நிறுத்த முடியாது. சொல்லப்போனால் வரி குறைவாக வருகிற தெருவுக்குத்தான் தண்ணீர் லாரி முதலில் போக வேண்டும். "மாநகராட்சியைக் கம்பெனி மாதிரி நடத்துவேன்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது.

வியாபாரிகள் இந்த நாற்காலிக்குப் புதியவர்களும் இல்லை. 1933இல் மதராஸ் மாநகராட்சித் தலைவர் பதவி மேயர் பதவியாக ஆனபோது முதலில் அமர்ந்தவர் நம் செட்டிநாட்டு அரண்மனைக் குடும்பத்து முத்தையா செட்டியார். அதே நேரத்தில், 2022இல் கும்பகோணம் மாநகராட்சியின் முதல் மேயரானவர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். பெரிய முதலாளிக்கும் நாற்காலி ஒன்றுதான், ஆட்டோக்காரருக்கும் ஒன்றுதான். நான் இரண்டு பேருக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறேன்.

கடையிலிருந்து நான் எடுத்துக்கொண்டு வரக்கூடியது கணக்கு ஒன்றுதான். என் அம்மா கல்யாண வீடுகளில் பலகாரம் சுடப் போவார். நானும் மாவு பிசையப் போவேன். ஒரு வீட்டில் வயதான கணக்கப்பிள்ளை ஒருவர் இருந்தார். அம்மாவின் கூலியை அவர்தான் கொடுப்பார், கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, அன்றாட வரவு செலவு எழுதும் சிட்டையில் எழுதச் சொல்வார். சிட்டையிலிருந்து பேரேட்டுக்கு எப்படிக் கொண்டு போவது, கடைசியில் கணக்கை முடித்துக் காட்டும் ஐந்தொகை எப்படிப் போடுவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்ய, போன காலத்தைப் பற்றி அவர் அப்பா சொல்லக் கேட்டதை என்னிடம் சொல்வார். முதலாளி இங்கே காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். அங்கே ஏஜெண்டு, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசையாக ஆட்கள். ஏஜெண்டுக்கு அதிகாரம் நிறைய உண்டு, பணத்தை யாருக்குக் கடன் கொடுப்பது என்பதை அவரே முடிவு செய்யலாம். ஆனால் கணக்கு இங்கே வர வேண்டும். தவணை முடிந்து திரும்பி வரும்போது முதலாளி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்ல வேண்டும். கடல் தாண்டி இருந்த ஏஜெண்டை அந்தக் கணக்குத்தான் கட்டுப்படுத்தியது.

மேயர் என்கிறவர் அந்த ஏஜெண்டு மாதிரிதான். முதலாளி நீங்கள். ஐந்து வருடத் தவணை. ஆனால் நம்மிடம் யாரும் பேரேட்டைத் திறந்து காட்டியதில்லை, நாமும் கேட்டதில்லை. நான் நிற்பதற்கு இதுதான் காரணம்.

சரி, மேயரால் உண்மையில் என்ன செய்ய முடியும்?

நினைப்பதைவிடக் குறைவு. மன்றக் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பது மேயர். ஆனால் நிர்வாகத்தை நடத்துவது அரசு அனுப்புகிற ஆணையர். மேயர் தனியாக ஒரு சாலைக்குக்கூடப் பணம் ஒதுக்கிவிட முடியாது, மன்றத்தில் தீர்மானம் நிறைவேற வேண்டும். வரவிலும் பெரும்பங்கு நம் கையில் இல்லை. சொத்து வரி, தொழில் வரி, கடை வாடகை, சந்தைக் குத்தகை இவைதான் நம் சொந்த வருமானம், மற்றது மாநில, மத்திய அரசுகளின் நிதிக் குழு மானியமாக வருகிறது.

பஸ், மின்சாரம், ரேஷன், தேசிய நெடுஞ்சாலை, செட்டிநாட்டுப் பழைய விமான ஓடுதளம், இவை எதுவும் மாநகராட்சிக் கையில் கிடையாது. "விமான நிலையம் கொண்டு வருவேன்" என்று வார்டுக்கு நிற்கிற ஒருவர் சொன்னால் அது வெறும் பேச்சு. கோரிக்கை மனு கொடுக்கலாம், அவ்வளவுதான்.

தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை, குப்பை, உள்ளூர்ச் சாலை, பூங்கா, சந்தை, ஊருணி, மயானம், கட்டட அனுமதி, பிறப்பு இறப்புச் சான்றிதழ். இவைதான் நம் வேலை. தினமும் காலையில் எழுந்ததும் கண்ணில் படுகிற எல்லாமே இதில் வந்துவிடுகிறது என்பதால் எனக்கு இது சின்ன வேலையாகத் தெரியவில்லை.

கவுன்சிலர்களின் நம்பிக்கை இல்லாமல் மேயரால் ஒரு மாதம்கூட ஓட்ட முடியாது. 2024 ஜூலையில் கோயம்புத்தூர், திருநெல்வேலி இரண்டு ஊர் மேயர்களும் பதவி விலகினார்கள். ஆகஸ்டில் கவுன்சிலர்கள் கூடிப் புது மேயர்களைத் தேர்ந்தெடுத்தார்கள், மக்கள் யாரும் மறுபடி ஓட்டுச்சாவடிக்குப் போகவில்லை.

சம்பளம் என்று கேட்டால், 2023 ஜூலையிலிருந்து மேயருக்கு மாதம் 30,000 ரூபாய், துணை மேயருக்கு 15,000, மாநகராட்சிக் கவுன்சிலருக்கு 10,000 மதிப்பூதியம்.

கணக்கு, கணக்கு என்கிறீர்களே, என்ன செய்யப் போகிறீர்கள்?

வார்டு வாரியாக ஒரு பக்கக் கணக்கு. அந்த மாதம் இந்த வார்டில் சொத்து வரி எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி, எந்த வேலைக்கு எவ்வளவு கொடுத்தோம், ஒப்பந்தக்காரர் யார், எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும். எல்லாம் நல்ல தமிழில், பெரிய எழுத்தில், ரேஷன் கடை வாசலில் ஒட்டப்பட வேண்டும். சாக்கடைக்கோ குழாய்க்கோ சாலையைத் தோண்டினால் அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே மூட வேண்டிய தேதி எழுதின பலகை நிற்க வேண்டும்.

இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. வார்டுக் குழு, பகுதி சபை இரண்டுக்கும் 2022இல் விதிகள் வந்துவிட்டன. அந்த வருடம் நவம்பர் 1 அன்று உள்ளாட்சி நாளில் நகரங்களில் பகுதி சபைகள் கூடின. கிராமத்துக்குக் கிராம சபை எப்படியோ அப்படித்தான் நகரத்துக்குப் பகுதி சபை. உங்கள் தெருவில் பகுதி சபை எங்கே கூடுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? கடைக்கு வந்தவர்களில் நான் கேட்டவரை மிகச் சிலருக்கே தெரிந்திருந்தது. அந்தச் சபையில் ஒரு பக்கக் கணக்கை வாய்விட்டுப் படிக்க வேண்டும், படித்து முடித்த பிறகுதான் மற்றப் பேச்சு. ஒரு வார்டிலாவது இதைச் செய்து காட்ட, மேயராகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்கு வரி குறைப்பீர்களா?

இந்தக் கேள்வியைச் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிற ஆச்சிகள்தான் அதிகம் கேட்கிறார்கள். நேராகவே சொல்கிறேன்: குறைப்பேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

2022 ஏப்ரலில் மாநிலம் முழுக்கச் சொத்து வரியை உயர்த்தினார்கள். நம் மாதிரி ஊர்களில் 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் போனால் 100 சதவீதம். சின்ன வீட்டுக்காரரைக் காப்பாற்ற வைத்த கணக்கு அது, அந்த நோக்கம் சரிதான். ஆனால் செட்டிநாட்டு வீட்டை அந்த அளவுகோலில் வைத்தால் என்ன ஆகும்? முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முதல் கட்டு, இரண்டாம் கட்டு, வளவு, பட்டாலை என்று போகிற வீட்டில், 1,800 சதுர அடியில் பாதியை முகப்பே தாண்டிவிடும். வீட்டில் இருப்பதோ ஒரு காவல்காரர். வருமானம் கிடையாது. உரிமையோ இருபது முப்பது பங்காளிகளுக்கு. அவர்களில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்தே வருடக் கணக்காகிறது. வரி நோட்டீஸ் இறந்து போன அப்பச்சி பெயரில் வருகிறது. யாரும் கட்டுவதில்லை, பாக்கி ஏறுகிறது, கடைசியில் வித்துவிடலாம் என்ற பேச்சு வருகிறது. அப்புறம் பர்மாத் தேக்குத் தூண்கள் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் நிற்கின்றன.

அந்தக் கடைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் எடுக்காவிட்டால் அந்தத் தூண் விறகாகப் போயிருக்கும். ஆனால் ஒரு வீடு போனால் அது திரும்ப வராது. நம் பகுதி 2014இலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையையும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுவரையும் பார்க்கத்தான் வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். வருகிறவர்கள் என் கடையிலும் ஒரு பொட்டலம் வாங்குகிறார்கள். ஆகவே இதில் எனக்கும் பிழைப்பு இருக்கிறது, மறைக்கவில்லை.

வரி விகிதத்தை மாநில அரசுதான் வைக்கிறது. மன்றம் செய்யக்கூடியது வேறு. முதலாவது, பங்காளிகளில் யாராவது ஒருவர் தன் பங்குக்கு உரிய வரியைத் தனியாகக் கட்டி ரசீது வாங்க வழி வேண்டும். நம் ஊரில் புள்ளிக் கணக்கு தெரியாதவர் உண்டா? கல்யாணம் ஆன ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி, கோயிலுக்கு ஒவ்வொரு புள்ளியும் வரி கொடுக்கிறது. கோயில் புள்ளி வரியைக் கடல் தாண்டியும் ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் வீட்டு வரியைக் கட்டாமல் இருப்பது மனசு இல்லாததால் இல்லை, யார் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லாததால்தான். இரண்டாவது, இடிப்பதற்கு அனுமதி கேட்டு மனு வந்தால் அது மன்றத்தில் பேசப்பட வேண்டும், ஒரு மேசையோடு முடிந்துவிடக் கூடாது. மூன்றாவது, வரி குறைப்பு வேண்டும் என்று மன்றத்தில் தீர்மானம் போட்டு அரசுக்கு அனுப்பலாம். நல்ல பராமரிப்பில் இருக்கிற பழைய வீட்டுக்குச் சலுகை என்று கேட்டால் நியாயம் இருக்கிறது, பூட்டிப் போட்ட எல்லா வீட்டுக்கும் சலுகை என்று கேட்டால் இல்லை. கிணறும் தொட்டியும் திறந்து கிடந்து கொசு வளர்க்கிற வீடு பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் கொடுக்கிறது.

எங்கள் ஊராட்சியைச் சேர்த்ததில் 100 நாள் வேலை போய்விட்டதே?

இதைக் கேட்டது என் அடுப்படியில் வேலை செய்கிற பெண்தான். அவர் அம்மாவுக்கு அந்த வேலைதான் கைக்காசு. ஊராட்சி மாநகராட்சி ஆனால் அந்த வேலை கிடையாது, அது கிராமப்புறத்துக்கு உரிய திட்டம். வரி கூடும், கட்டட விதி மாறும், அந்த வேலையும் போகும். இந்த இழப்பை மறைத்துவிட்டு "நீங்கள் இப்போது மாநகரத்துக்காரர்" என்று பெருமை பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை.

மாநில அரசு 2022இல் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றைச் சில இடங்களில் சோதனையாகத் தொடங்கியது. குளம் தூர் வாருவது, மரம் நடுவது மாதிரி வேலைகள். அதை நம் சேர்ந்த ஊர்களுக்குக் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் முதல் தீர்மானமாக இருக்கும். கிடைக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. கேட்பேன் என்று செய்கிறேன்.

ஊருணி பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்?

எங்கள் பக்கம் வற்றாத ஆறு கிடையாது. மழை பெய்யும் சில மாதங்களில் பிடித்து வைத்த தண்ணீர்தான் வருடம் முழுக்க. அதனால்தான் அந்தக் காலத்தில் வீடு கட்டினவர்களே ஊருணியும் வெட்டினார்கள். வளவு முற்றத்தில் விழுகிற மழை தொட்டியில் இறங்கும், மிச்சம் கால்வாய் வழியாகத் தெருவுக்குப் போய் ஊருணியில் சேரும். வியாபாரத்தில் வந்ததில் ஒரு பங்கை மகமை என்று ஒதுக்கி, அதிலிருந்து கோயிலுக்கும் ஊருணிக்கும் கொடுத்தார்கள். குடிதண்ணீர் ஊருணியில் கால் நனைக்க விட மாட்டார்கள், காவலுக்கு ஆள் போட்டிருப்பார்கள்.

ஊருணிக்குச் சுற்றிக் கம்பி போட்டு நடைபாதை அமைப்பது எளிது, படம் எடுக்க நன்றாக இருக்கும். தண்ணீர் வருகிற வரத்துக்காலை மீட்பதுதான் கஷ்டம், ஏனென்றால் அதன் மேல் வீடும் கடையும் வந்திருக்கும். சில இடத்தில் சாக்கடையும் அதிலேயே சேர்கிறது. வரத்துக்கால் செத்துப் போன ஊருணியில் எவ்வளவு கல் பதித்தாலும் அது வெறும் குழி. சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த ஊருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, நிலத்தடியில் இறங்கினால்தான் ஊற்று. வருகிற மழைக்கு முன்னால் ஒவ்வொரு வார்டிலும் வரத்துக்கால் எங்கே தொடங்கி எங்கே அடைபட்டிருக்கிறது என்று வரைபடம் போட வேண்டும். பழைய ஆட்களை வைத்துக்கொண்டு நடந்து பார்த்தாலே பாதி தெரியும். இரண்டு ஊருணிக்கு நானும் கடைப் பெண்களும் நடந்து பார்த்துவிட்டோம். எழுபத்தைந்து வயதுத் தாத்தா ஒருவர் கைத்தடியால் தரையைத் தட்டித் தட்டிக் காட்டினார், ஒரு மதகு சிமெண்டுத் தரைக்குக் கீழே அப்படியே இருந்தது.

குப்பைக்கு?

கொடுக்கிற இடத்திலேயே பிரித்துக் கொடுப்பது, தூய்மைப் பணியாளருக்குச் சம்பளமும் கையுறையும் தேதி தவறாமல் போய்ச் சேருவது. இரண்டு மட்டும் ஒழுங்காக நடந்தால் போதும். 2019 ஜனவரியிலிருந்து தடையில் இருக்கிற பிளாஸ்டிக் பையை என் கடை கொடுப்பதில்லை. சீர்ப் பலகாரம் பனை ஓலைக் கொட்டானில்தான் போகிறது. விலை கூடத்தான் ஆகிறது, வாங்குகிறவர்கள் அந்தக் கொட்டானைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள்.

மேயரானால் உங்கள் கடைக்குத்தானே லாபம்?

கேட்க வேண்டிய கேள்வி, கேட்டவருக்கு நன்றி. கடைக்குத் தொழில் உரிமம் கொடுப்பதும் தொழில் வரி வாங்குவதும் மாநகராட்சி. அந்த மன்றத்துக்கே நான் தலைமை வகித்தால் என் கடையைச் சோதிக்க வருகிறவருக்குக் கை நடுங்கும்.

ஆகவே இப்படி முடிவு செய்திருக்கிறோம். ஜெயித்த நாளிலிருந்து கடைப் பொறுப்பு முழுக்க என் மகளிடம். மாநகராட்சி விழாவுக்கோ கூட்டத்துக்கோ எங்கள் கடையிலிருந்து ஒரு முறுக்குகூடக் காசுக்குப் போகாது, இலவசமாகவும் போகாது. கடை இருப்பது சொந்த இடத்தில், மாநகராட்சி வாடகைக் கடையில் இல்லை. எங்கள் தெருச் சாலை, எங்கள் தெருக் கடைகள் பற்றி மன்றத்தில் பேச்சு வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன், துணை மேயர் நடத்தட்டும். சொத்து வரி, தொழில் வரி ரசீதுகள் இப்போதே கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கிறது. பார்க்கலாம், படமும் எடுத்துக்கொள்ளலாம்.

என்னிடம் வேலை செய்கிறவர்கள் 14 பேர். அவர்களில் யாரும் எனக்காக ஓட்டுக் கேட்டு வர வேண்டியதில்லை, எனக்கு ஓட்டுப் போட வேண்டும் என்றும் இல்லை. இதை அவர்களிடம் சம்பள நாளில், கூலி கையில் கொடுத்த பிறகு சொன்னேன்.

எந்தக் கட்சி?

சுயேச்சை. மறைமுகத் தேர்தலில் சுயேச்சை மேயராவது மிகவும் கஷ்டம், 2022இல் 21 மேயர்களும் ஒரே கூட்டணிதான். அது தெரிந்துதான் நிற்கிறேன். வேறு வார்டுகளில் நிற்கிற சுயேச்சைகளோடும், கட்சிகளில் இருக்கிற நல்லவர்களோடும் பேசிக்கொண்டிருக்கிறேன். அவர்களிடம் கேட்பது ஒன்றுதான், ஒரு பக்கக் கணக்குக்கு ஒத்துக்கொள்கிறீர்களா என்று.

ஓட்டுக்கு ஏதாவது கொடுப்பீர்களா?

மாட்டேன். ஒரு பொட்டலம் சீடை கொடுத்தாலும் அது லஞ்சம்தான். தேர்தல் அறிவித்த நாளிலிருந்து ஓட்டு எண்ணும் நாள் வரை கடையில் ருசி பார்க்கக் கொடுப்பதைக்கூட நிறுத்திவிடுவோம். குழந்தைகள் வந்து கை நீட்டும், மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

தோற்றுவிட்டால்?

அடுத்த நாள் காலை நாலு மணிக்கு எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறும்.

கணக்கை அப்போதும் விடப் போவதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு எந்தக் குடிமகனும் ஒரு மனு போட்டு, தன் வார்டில் நடந்த வேலைக்கு எவ்வளவு செலவானது என்று கேட்கலாம். இதற்குக் கவுன்சிலராக இருக்க வேண்டியதில்லை. எங்கள் வார்டுக்கு முதல் மனுவை எழுதி வைத்துவிட்டேன். பதில் வந்ததும் விலைப்பட்டியல் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை மாட்ட ஆசாரியிடம் சொல்லியாகிவிட்டது. தேன்குழல் கிலோ என்ன விலை என்று பார்க்கிறவர்கள், தெருவிளக்கு ஒன்றுக்கு என்ன விலை கொடுத்தோம் என்பதையும் அங்கேயே நின்று படித்துக்கொள்ளலாம். பக்கத்து வார்டுக்காரர்கள் மனு எழுத உதவி கேட்டால் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வாருங்கள், அப்போதுதான் அடுப்பு அணைந்து கை ஓயும்.